மூச்சு முட்டும்போது மனசு படும் பாடு: வாசகர் கேள்வி பதில்

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். இன்ஹேலர், ஸ்கேன், மாத்திரை பற்றித்தான் நிறைய வரும் என்று எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பயம், தூக்கமின்மை, எரிச்சல், வெட்கம், அழுகை பற்றியவை. "இதையெல்லாம் நெஞ்சு டாக்டரிடம் சொல்லலாமா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். மூச்சுத்திணறலும் பயமும் ஒன்றையொன்று தூண்டிவிடுபவை. ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துவிட்டு இன்னொன்றைக் கண்டுகொள்ளாமல் விட்டால் இரண்டுமே அடங்காது என்பதை நுரையீரல் மருத்துவராக தினமும் பார்க்கிறேன். பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

எனக்கு வயது 61. சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இருக்கிறது. கொஞ்ச நாளாக ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு மூச்சு அடைத்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, இன்றோடு முடிந்தது என்றே தோன்றுகிறது. அவசரப் பிரிவுக்கு ஓடினால் "ஆக்சிஜன் 94 இருக்கிறது, ஒன்றுமில்லை, வெறும் டென்ஷன்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்படியென்றால் நான் நடிக்கிறேனா, டாக்டர்?

இல்லை ஐயா, நீங்கள் நடிக்கவில்லை. உங்களிடம் 'ஒன்றுமில்லை' என்று சொன்னதுதான் தப்பு.

ஆக்சிஜன் அளவு வேறு, மூச்சுத்திணறல் வேறு. ஆக்சிஜன் 94 இருக்கும்போதே ஒருவருக்கு மூச்சு முட்டலாம், 85 இருக்கும்போது இன்னொருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கலாம். மூச்சு விட நெஞ்சுத் தசைகள் எவ்வளவு பாடுபடுகின்றன, அந்தப் பாட்டுக்கு ஏற்ற காற்று உள்ளே வந்ததா, இதையெல்லாம் மூளை கணக்குப் பார்த்துத்தான் 'திணறுகிறது' என்று உணர்த்துகிறது. விரலில் மாட்டும் கருவிக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது.

அடுத்தது பயம். சிஓபிடியில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கஷ்டம், ஏனென்றால் மூச்சை விடும்போது சுருங்கிய குழாய்கள் இன்னும் இறுகிக்கொள்கின்றன. பயந்தவுடன் நாம் எல்லோரும் வேகமாக மூச்சு விடுவோம், அது உடம்பின் இயல்பு. நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. உங்களுக்கோ, ஒரு மூச்சு முழுதாக வெளியேறும் முன்பே அடுத்தது உள்ளே வந்துவிடுகிறது, அப்படியே காற்று சேர்ந்து சேர்ந்து நுரையீரல் உப்பிக்கொள்கிறது, அடியில் இருக்கும் உதரவிதானம் என்ற மூச்சுத் தசை தட்டையாக அழுந்திப்போகிறது, அப்புறம் புதுக் காற்றுக்கு இடமே இல்லை. 'உள்ளே இழுக்க முடியவில்லை' என்று உங்களுக்குத் தோன்றும், உண்மையில் அங்கே பழைய காற்று நிரம்பிக் கிடக்கிறது. ஆக, பயம் உங்கள் மூச்சை நிஜமாகவே, உடம்பளவில், மோசமாக்குகிறது. மோசமான மூச்சு பயத்தை இன்னும் ஏற்றுகிறது. இதைத்தான் அங்கே ஒரே வார்த்தையில் டென்ஷன் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

இதை அறுக்க வேண்டிய இடம் வெளிமூச்சு. அந்த நேரத்தில் 'ஆழமா மூச்சை இழு' என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, முழங்கையை முழங்கால் மேலோ மேசை மேலோ ஊன்றுங்கள். தோள்களைத் தளரவிடுங்கள். மூக்கால் சாதாரணமாக இழுத்து, விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடுங்கள். ஊதித் தள்ள வேண்டாம், அதுவாக வெளியேறட்டும். உடனடி நிவாரண இன்ஹேலரை உங்கள் டாக்டர் சொன்ன அளவில் எடுங்கள், ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குடுவை) இருந்தால் அதோடு. கையில் பிடிக்கும் சின்ன பேட்டரி விசிறி ஒன்றைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு மூக்கு, மேலுதடு, கன்னத்தில் காற்று படும்படி பிடியுங்கள். இது வெறும் ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. 2010இல் வெளியான ஒரு ஆய்வில் அதே விசிறியை முகத்துக்கும் காலுக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்கள், முகத்துக்குப் பிடித்தபோது மூச்சுத்திணறல் தெளிவாகக் குறைந்தது. முகத்தில் இருக்கும் நரம்பு வழியாகக் குளிர்ச்சி மூளைக்குப் போய் அந்தத் திணறல் உணர்வைத் தணிக்கிறது.

இதையெல்லாம் பகலில், நன்றாக இருக்கும்போதே தினமும் பழகுங்கள். பயத்தில் இருக்கும் மூளைக்குப் புதிதாக எதுவும் ஏறாது. செய்ய வேண்டியதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், வீட்டில் இருப்பவர் அதைப் பார்த்து உங்களுக்குச் சொல்லட்டும்.

அதே சமயம் எல்லாவற்றையும் பயம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. சளி கூடியிருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ, காய்ச்சல், கால் வீக்கம் இருந்தாலோ நோய் முற்றுவதாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, குழப்பமாகப் பேசுகிறீர்கள், அளவுக்கு மீறித் தூக்கம் சொக்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, அல்லது மேலே சொன்னதையெல்லாம் செய்தும் திணறல் அடங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ராத்திரியில் மட்டும் இப்படி வருகிறது என்பதால் இதயம், தூக்கத்தில் மூச்சு நிற்கும் பிரச்சினை, நெஞ்செரிச்சல் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்வேன். நீங்கள் எடுக்கும் மருந்துப் பட்டியலையும் காட்டுங்கள், மூச்சுக்குழாயை விரிக்கக் கொடுக்கும் சால்பியூட்டமால், தியோபிலின் இரண்டுமே படபடப்பையும் நடுக்கத்தையும் தரக்கூடியவை.

ஆக்சிமீட்டரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்காமல் இருக்க முடியவில்லை. 93 காட்டினால் உடம்பெல்லாம் வியர்த்துவிடுகிறது.

கருவியை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். எப்போது பார்க்க வேண்டும், உங்கள் இயல்பான அளவு எவ்வளவு, எந்த எண்ணுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். எல்லோருக்கும் 98 தான் சரி என்பது இல்லை. கரியமில வாயு உடம்பில் தேங்கும் அபாயம் உள்ள சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது நாங்களே 88 முதல் 92 வரைதான் குறி வைப்போம், அதற்கு மேல் ஏற்றினால் கெடுதல். கை குளிர்ந்திருந்தால், நகப்பூச்சு இருந்தால், கையை ஆட்டினால்கூட எண் மாறும். ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

அப்பாவுக்கு 68. நுரையீரல் நோய் வந்த பிறகு ஆளே மாறிவிட்டார். யாரோடும் பேசுவதில்லை, வெளியே வருவதில்லை, பேப்பர்கூடப் படிப்பதில்லை. இன்ஹேலரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் "எடுத்து என்ன ஆகப்போகிறது" என்கிறார். இது நோயின் அசதியா, மனச்சோர்வா, எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி அம்மா, டாக்டர்களே தடுமாறும் இடம் இது. அசதி, தூக்கம் கெடுவது, பசி இல்லாமல் போவது, எதையும் மெதுவாகச் செய்வது, இவை நுரையீரல் நோயிலும் வரும், மனச்சோர்விலும் வரும். 'இந்த நோய்க்கு இப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் சொல்வார்கள், டாக்டரும் சொல்லிவிடுவார், அதனாலேயே இந்த நோயாளிகளில் எத்தனையோ பேருக்கு மனச்சோர்வு கண்டுபிடிக்கப்படாமலேயே போகிறது. உடம்பு நோயாளிகளுக்காகவே, உடல் அறிகுறிகளை விட்டுவிட்டு மனநிலையை மட்டும் கேட்கும் ஒரு கேள்வித்தாளை ஜிக்மண்ட், ஸ்னைத் என்ற இருவர் 1983இல் உருவாக்கினார்கள், அது இன்றும் பல மருத்துவமனைகளில் பயன்படுகிறது.

வீட்டில் நீங்கள் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மூச்சு வாங்காத வேலையில்கூட ஆசை போய்விட்டதா? நடக்க முடியாததால் நடக்கவில்லை என்றால் அது நுரையீரல். உட்கார்ந்த இடத்திலேயே படிக்கக்கூடிய பேப்பரைத் தொடவில்லை, பிடித்த பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலரவில்லை என்றால் அது நுரையீரல் மட்டும் இல்லை. இரண்டாவது, 'எதுவும் பிரயோஜனமில்லை, நான் எல்லோருக்கும் பாரம்' என்ற பேச்சு. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு என்றே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

'பாரம்' என்று சொல்கிறவரிடம் நேராகவே கேளுங்கள்: "அப்பா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயப்படாதீர்கள், அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற நிம்மதிதான் வரும். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை உங்கள் கைவசம் எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போங்கள். உங்கள் பகுதியின் மனநல உதவி எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழப்பம் இருந்தால் அது மனச்சோர்வாக இல்லாமல் இரத்தத்தில் கரியமில வாயு தேங்குவதாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சிகிச்சை இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய சில வாரம் ஆகும், முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. ஆலோசகரோடு பேசும் சிகிச்சையும் உண்டு. என்னைக் கேட்டால் இதோடு சேர்த்து நான் முதலில் எழுதிக் கொடுப்பது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் வாரத்துக்குச் சில நாள் என்று ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை நடக்கும் உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் நோய் பற்றிய விளக்கமும் சேர்ந்தது அது. 2015இல் 65 ஆய்வுகளை, மொத்தம் 3,822 சிஓபிடி நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது இந்தப் பயிற்சியால் மூச்சுத்திணறலும் அசதியும் குறைந்ததோடு மனநிலையும் மேம்பட்டது. நுரையீரல் அதனால் புதுசாகிவிடாது. கால் தசைகள் பலப்படும், அதே வேலைக்குக் குறைந்த மூச்சு போதும், மூச்சு வாங்கினாலும் செத்துவிட மாட்டோம் என்பதை உடம்பு அனுபவத்தில் தெரிந்துகொள்ளும். அங்கே தன்னைப் போலவே மூச்சு வாங்கும் நாலு பேரைப் பார்ப்பதே பாதி மருந்து.

அப்பாவிடம் 'தைரியமாக இருங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருப்பார்.

முப்பது வருடம் சிகரெட் பிடித்தேன். இப்போது இந்த நிலை. யாராவது பரிதாபப்பட்டால்கூட, நானே தேடிக்கொண்டது தானே என்று கூனிக்குறுகிப் போகிறேன். மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புகையிலை எவ்வளவு பொல்லாத அடிமைத்தனம் என்பதை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் விவரம் தெரியாத வயதில் ஆரம்பிக்கிறார்கள், விவரம் தெரியும்போது நிகோட்டின் மூளையைப் பிடித்துவிடுகிறது. ஒரே அளவு புகைத்த இரண்டு பேரில் ஒருவருக்கு நோய் வருகிறது, ஒருவருக்கு வருவதில்லை. பிறவிக்கூறு, சின்ன வயதில் நுரையீரல் எவ்வளவு வளர்ந்தது, வேலை இடத்துத் தூசி, அடுப்புப் புகை, இத்தனையும் இதில் சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மட்டும் சுமார் 35 லட்சம் பேர் சிஓபிடியால் இறந்திருக்கிறார்கள். வருமானம் குறைந்த நாடுகளில் சிஓபிடி வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் புகைபிடித்தல் காரணமே இல்லை.

குற்ற உணர்ச்சி உங்களைத் திருத்தும் என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்தவரை அது டாக்டரிடம் வருவதைத்தான் தள்ளிப்போட வைக்கிறது. 'திட்டுவார்' என்று வராமலிருந்து, வரும்போது மூச்சு வாங்கிப் பேசவே முடியாத நிலையில் வருகிறவர்கள் எத்தனை பேர்! அப்படித் திட்டுகிற டாக்டர் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. பிடித்தால், நிறுத்த மருந்து இருக்கிறது, மனஉறுதியை மட்டும் நம்ப வேண்டியதில்லை. 'சிகரெட்தான் என் டென்ஷனைக் குறைக்கிறது' என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த டென்ஷனில் பெரும்பங்கு நிகோட்டின் இறங்குவதால் வருவது. விட்ட சில வாரங்களுக்குப் பிறகு பதற்றமும் மனச்சோர்வும் குறைகின்றன என்பதைப் பல ஆய்வுகள் ஒரே மாதிரி காட்டியிருக்கின்றன.

மனைவியிடம் நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அவர் கோபமாக இருக்கலாம், அது நியாயமும்கூட. ஆனால் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கவும் வாய்ப்பிருக்கிறது.

நான் புகைத்ததே இல்லை. நுரையீரல் தழும்பு நோய் என்று சொல்லிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் "சிகரெட் பழக்கம் உண்டா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கோபம் கோபமாக வருகிறது.

வரத்தான் செய்யும். எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க உங்களிடம் அவ்வளவு மூச்சு இல்லை, "இல்லை, இது வேறு நோய்" என்ற ஒரே பதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெருங்கியவர்களுக்கு மட்டும் விளக்கமாகச் சொன்னால் போதும். கோபத்துக்கு அடியில் 'எனக்கு ஏன்' என்ற துக்கம் இருக்கும். அதற்கு இடம் கொடுங்கள், அழ வேண்டும் என்றால் அழுங்கள். அழுதால் மூச்சு வாங்குமே என்று அடக்குகிறவர்கள் உண்டு. உட்கார்ந்து, சாய்ந்து, பக்கத்தில் ஒருவர் இருக்க அழலாம், ஒன்றும் ஆகாது.

தூக்கம் வரவில்லை என்று சொந்தக்காரர் ஒருவர் தன்னிடம் இருந்த அல்பிரசோலாம் கொடுத்தார். நன்றாகத் தூங்கினேன். தொடரலாமா?

கூடாது. இந்த வகை மாத்திரைகள் மூச்சை இயக்கும் மூளைப் பகுதியை மந்தமாக்கக்கூடியவை. நுரையீரல் நோய் கடுமையாக உள்ளவருக்கு, அதுவும் கரியமில வாயு தேங்குகிறவருக்கு, ஆபத்து. வலி மாத்திரை, இருமல் மருந்து என்ற பெயரில் ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்றவை) ஏதாவது கூடவே எடுத்தால், அல்லது மது குடித்தால், இன்னும் ஆபத்து. வயதானவர்கள் ராத்திரி எழுந்து தடுமாறி விழுவதும் இதனால்தான் நடக்கிறது. சில வாரத்திலேயே உடம்பு பழகிக்கொண்டு அதிக அளவு கேட்கும். பல நாளாகவே எடுத்துவருகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்லும் விதத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தூக்கம் ஏன் வரவில்லை என்று முதலில் பார்ப்போம். ராத்திரி இருமலா, படுத்தால் மூச்சா, சாயங்காலம் எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையா, பயமா? காரணத்தைச் சரிசெய்தால் பல பேருக்கு மாத்திரையே தேவைப்படாது.

என் கணவர் அமைதியான மனிதர். இந்த முறை இழுப்பு அதிகமாகி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து கத்துகிறார், தூங்குவதில்லை, ராத்திரி முழுக்க அலமாரியை அடுக்குகிறார். மனநோய் வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

மருந்தின் விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டுகள் அதிக அளவில் கொடுக்கப்படும்போது தூக்கமின்மை, எரிச்சல், தேவையில்லாத உற்சாகம், சிலருக்கு அழுகையும் சோர்வும் வரும். பெரும்பாலும் ஆரம்ப நாட்களிலேயே தெரியும், மருந்து குறையக் குறைய அடங்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கூப்பிட்டு நடப்பதை அப்படியே சொல்லுங்கள். காலையிலேயே மொத்த அளவையும் கொடுக்கும்படி மாற்றினாலே சிலருக்குத் தூக்கம் திரும்பும். இல்லாத குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்கிறார், தன்னையோ பிறரையோ காயப்படுத்துவது போலப் பேசுகிறார் என்றால் அவசரம், அன்றைக்கே கூட்டிப்போங்கள். அவர் மீண்ட பிறகு இதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், அடுத்த முறை எந்த டாக்டர் ஸ்டீராய்டு எழுதினாலும் முதலிலேயே காட்டலாம்.

இதே இடத்தில் இன்னும் இரண்டு மருந்துகளைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் மாண்டெலுகாஸ்ட் சிலருக்கு கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்வரை கொண்டுபோகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் அட்டையில் சேர்க்க வைத்தது. சிஓபிடிக்குத் தரும் ரோஃப்ளுமிலாஸ்ட்டும் தூக்கத்தையும் மனநிலையையும் கெடுக்கலாம். எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனால் புது மருந்து ஆரம்பித்த பிறகு மனசு மாறினால் அந்தத் தேதியை டாக்டரிடம் சொல்லத் தவறாதீர்கள்.

ஆக்சிஜன் சிலிண்டரோடு வெளியே போக வெட்கமாக இருக்கிறது. எல்லோரும் மூக்குக் குழாயையே பார்க்கிறார்கள். வீட்டில் மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா?

முதலில், எதற்காகக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வாக இருக்கும்போதே ஆக்சிஜன் மிகக் குறைவாக, 88 அல்லது அதற்குக் கீழே உள்ள சிஓபிடி நோயாளிகளுக்கு, நீண்டநேர ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டுகிறது என்று 1980, 1981இல் வெளியான இரண்டு முக்கியமான ஆய்வுகள் காட்டின. ஆனால் ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணிநேரம் வேண்டும். நீங்கள் அந்த வகை என்றால், தூங்கும் நேரத்தையும் சேர்த்து வீட்டிலேயே கணக்கு நிறைந்துவிடலாம், வெளியே கொஞ்ச நேரம் கழற்றலாமா என்பதை நடைப் பரிசோதனை செய்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஓரளவே குறைந்தவர்களுக்கு, அதாவது ஓய்வில் 89 முதல் 93 வரை உள்ளவர்களுக்கு, ஆயுளைக் கூட்டவோ மருத்துவமனை வாசத்தைக் குறைக்கவோ அது உதவவில்லை என்று 2016இல் வந்த ஆய்வு சொன்னது. ஆகவே 'எனக்கு இது கட்டாயமா?' என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கட்டாயம் என்றால், வெட்கத்துக்காக வீட்டுக்குள் அடைந்து கிடக்காதீர்கள். முதல் நாலு தடவை பார்ப்பார்கள். முதலில் பழகிய ஒரு வீட்டுக்குப் போங்கள், கூட ஒருவர் வரட்டும். குழந்தைகள் "இது என்ன?" என்று நேராகக் கேட்பார்கள், "மூச்சு விட உதவும் குழாய்" என்று நேராகவே சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் அதே பதில்தான். ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ கண்டிப்பாகக் கூடாது, இது வெட்கத்தைவிட முக்கியம்.

எனக்கு 29. பிராங்கியெக்டேசிஸ். காலையில் சளி எடுக்க அரைமணி நேரம் ஆகிறது. ஆபீசில் இருமினால் எல்லோரும் நாற்காலியைத் தள்ளிப்போட்டுக்கொள்கிறார்கள்.

மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நோய் இது, தொற்றாது என்பதை ஒருமுறை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், முடிந்தால் மேலாளர் வழியாக. காலைச் சளி வெளியேற்றத்தை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள், அதை ஒழுங்காகச் செய்த நாளில் பகல் இருமல் குறையும். இருமும்போது சிறுநீர் கசிவது, குறிப்பாகப் பெண்களுக்கு, வெளியே சொல்லப்படாத இன்னொரு வெட்கம். அதற்கும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி இருக்கிறது, பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மூச்சு வாங்குவதால் தாம்பத்தியமே நின்றுபோய்விட்டது.

நிறைய பேருக்கு இந்தக் கேள்வி இருக்கிறது, கேட்கிறவர்கள்தான் குறைவு. மூச்சு வாங்குவது ஒரு மாடி ஏறும்போது வாங்குவது போலத்தான், அதனால் நோய் முற்றாது. சாப்பிட்டவுடன் வேண்டாம், முன்கூட்டியே இன்ஹேலர் எடுக்கலாம், நெஞ்சில் பாரம் விழாத நிலையைத் தேர்ந்தெடுங்கள், ஆக்சிஜன் பயன்படுத்துகிறவர் அதோடே இருக்கலாம். துணையிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் 'என்னைப் பிடிக்கவில்லை' என்றே அவர் நினைப்பார்.

மாமியாருக்கு நான்கு வருடமாக நான்தான் பார்க்கிறேன். நெபுலைசர், ஆக்சிஜன், ராத்திரி இரண்டு முறை எழுந்து உட்காரவைப்பது எல்லாம் நான்தான். சில சமயம் அவர் இருமும் சத்தம் கேட்டாலே கத்த வேண்டும்போல இருக்கிறது. நான் கெட்டவளா?

இல்லை சகோதரி. நான்கு வருடம் ராத்திரித் தூக்கம் கெட்ட யாருக்கும் அப்படித்தான் இருக்கும். உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றியோ அவர் உடன்பிறந்தவர்களைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. மாமியார் பெற்ற பிள்ளைகள் வாரத்தில் சில ராத்திரிகளாவது முறை எடுக்க வேண்டும். நெபுலைசர் போடக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம்கூட ஆகாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கணவரை அனுப்புங்கள், அவர் கேட்டு வந்து உங்களுக்குச் சொல்லட்டும்.

ராத்திரி எழுப்புவது ஒவ்வொரு முறையும் மூச்சுக்காகத்தானா என்று கவனியுங்கள். பல நேரம் தனியாக இருக்கும் பயத்தில்தான் கூப்பிடுவார்கள். முதல் கேள்வியில் சொன்ன விசிறி, சாய்ந்து உட்காரும் முறை, குவித்த உதட்டு மூச்சு இவற்றை அவருக்குப் பழக்கினால், நீங்கள் வரும் முன் முதல் சில நிமிடத்தை அவரே சமாளிக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் மணி, மங்கலான விளக்கு இருந்தாலே பாதி அழைப்பு குறையும்.

உங்களுக்கே தொடர்ந்து அழுகை வந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், உங்களுக்காக ஒரு டாக்டரைப் பாருங்கள். நோயாளியின் சீட்டில் ஒட்டிக்கொண்டு கேட்காமல், உங்கள் பெயரிலேயே ஒரு சீட்டு போட்டு.

இன்னும் எவ்வளவு நாள் என்று டாக்டரிடம் கேட்க நினைக்கிறேன். பிள்ளைகள் "அந்தப் பேச்சே வேண்டாம்" என்று வாயை அடைக்கிறார்கள். எனக்குச் சாவைவிட மூச்சு முட்டிச் சாவதுதான் பயம்.

இந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் சுமப்பது எவ்வளவு கனம் என்று தெரிகிறது. நாள் கணக்கு எங்களாலும் துல்லியமாகச் சொல்ல முடியாது, நுரையீரல் நோய் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போகும். ஆனால் உங்கள் இரண்டாவது பயத்துக்குப் பதில் உண்டு. கடைசிக் கட்டத்தில் மூச்சுத்திணறலைத் தணிக்க மருந்துகள் உண்டு, கவனமான அளவில் மார்ஃபின் உட்பட. அதற்கென்றே பயிற்சி பெற்ற வலி தணிப்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவுக்குப் போவது என்றால் மற்ற சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கும், கடைசி வாரம்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

டாக்டரைத் தனியாகப் பார்க்க நேரம் கேளுங்கள். திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா, செயற்கை சுவாசக் கருவி வேண்டுமா வேண்டாமா, உங்களால் பேச முடியாதபோது யார் முடிவெடுக்க வேண்டும், இவற்றை நல்ல நிலையில் இருக்கும்போதே பேசி எழுதி வைத்துவிட்டால் பிள்ளைகளுக்கும் பிற்பாடு குற்ற உணர்ச்சி இருக்காது. அவர்கள் வாயை அடைப்பது பயத்தால்தான். டாக்டர் முன்னிலையில் பேசினால் கேட்பார்கள்.

இதற்கெல்லாம் நெஞ்சு டாக்டரிடம் போவதா, மனநல டாக்டரிடம் போவதா?

நெஞ்சு டாக்டரிடம் ஆரம்பியுங்கள். உள்ளே போனதும் மறந்துவிடும், அதனால் தூக்கம், பயம், ஆசை இல்லாமை, அழுகை எதுவாக இருந்தாலும் எப்போதிலிருந்து என்று முன்பே எழுதி எடுத்துப்போங்கள். நேரமில்லை என்று அவர் தட்டிக்கழித்தால் "மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒரு எதிர்பார்ப்பை மட்டும் சரிசெய்துகொள்ளுங்கள்: மனச்சோர்வு மாத்திரை மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான். மிர்டாசபின் என்ற மருந்தை மூச்சுத்திணறலுக்காகவே கொடுத்துப் பார்த்த, 2024இல் வெளியான ஆய்வில் திணறல் குறையவில்லை.

மனநல மருத்துவரிடம் போகும்போது நுரையீரல் நோயின் பெயர், கரியமில வாயு தேங்குமா என்ற தகவல், இன்ஹேலர் உட்பட எல்லா மருந்துகளும் அடங்கிய பட்டியல் கையில் இருக்கட்டும். உதாரணத்துக்கு, ஃப்ளுவாக்சமின் என்ற மனநல மாத்திரை தியோபிலினை உடம்பில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். நீங்கள் தியோபிலின் எடுப்பது தெரிந்தால் அவர் வேறு மாத்திரை எழுதிக் கொடுப்பார்.